ஊசிக்கு முன் எடை

பல் மருத்துவரிடம் போய்வந்த யாரையாவது கேட்டுப் பாருங்கள், அங்கே உங்களை எடைக்கருவியில் ஏறி நிற்கச் சொன்னார்களா என்று. பெரும்பாலும் இல்லை என்றுதான் சொல்வார்கள். சுகர் உண்டா, பிரஷர் உண்டா என்று கேட்டிருப்பார்கள். எக்ஸ்ரே எடுத்திருப்பார்கள். எத்தனை கிலோ என்று கேட்டவர்கள் குறைவு. ஆனால் பல்லைப் பிடுங்கும் முன் போடும் மரத்துப்போகிற ஊசிக்கு உச்ச அளவே உடல் எடையை வைத்துத்தான். எடை தெரியாமல் போடுகிற மருத்துவர் அந்த வரம்பு எங்கே இருக்கிறது என்று தெரியாமல்தான் போடுகிறார்.

நான் திருவெள்ளறையில் பிறந்து வளர்ந்து, இப்போது இங்கேயே கிளினிக் வைத்திருக்கும் பல் மருத்துவர். திருச்சி சத்திரம் பேருந்து நிலையத்திலிருந்து துறையூர் போகும் பஸ்ஸில் வந்து இறங்குபவர்கள், மண்ணச்சநல்லூர் அரிசி ஆலைகளில் மூட்டை தூக்குபவர்கள், திருப்பைஞ்ஞீலிப் பக்கத்து விவசாயிகள், புண்டரீகாட்சப் பெருமாளைச் சேவிக்க வந்த இடத்தில் பல்வலி தாங்காமல் உள்ளே வரும் வெளியூர்க்காரர்கள் என்று எல்லோரும் வருகிறார்கள். வாசலை ஒட்டியே எடைக்கருவி வைத்திருக்கிறேன். "ஏம்மா, பல்லு புடுங்கறதுக்கு எடை எதுக்கு?" என்று கேட்காதவர்கள் குறைவு. ஆலையிலிருந்து வருபவர்களிடம் நான் சொல்வது இதுதான்: உங்கள் ஆலையில் ஒரு மூட்டை அரிசி தராசில் ஏறாமல் லாரியில் ஏறுமா? உங்கள் உடம்பில் ஏறப்போகிற மருந்துக்கு மட்டும் கணக்கு வேண்டாமா?

தமிழ்நாட்டில் எந்தப் பல் சிகிச்சை இடமும் எடைக்கருவி இல்லாமல் இயங்கக் கூடாது. போட்ட மருந்து எத்தனை மில்லிகிராம் என்று ஒவ்வொரு நோயாளியின் சீட்டிலும் எழுதப்பட வேண்டும். நான் கேட்பது இதைத்தான். ஏன் என்று புரிய, அந்த மருந்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

நம் ஊர்க் கிளினிக்குகளில் இன்று அதிகம் பயன்படும் மருந்து லிக்னோகெய்ன். 1943இல் சுவீடனில் நில்ஸ் லோஃப்கிரென் உருவாக்கியது. அவருடன் வேலை செய்த பெங்க்ட் லுண்ட்குவிஸ்ட் தன் உடம்பிலேயே ஊசி போட்டுச் சோதித்தார். 1948இல் விற்பனைக்கு வந்தது. அதற்கு முன் புரோகெய்ன். அதற்கும் முன் கோகெய்ன். 1884இல் நியூயார்க்கில் வில்லியம் ஹால்ஸ்டெட் கீழ்த்தாடை நரம்பைக் கோகெய்னால் மரத்துப்போகச் செய்து காட்டினார்; அதைத் தன்மேல் சோதித்துச் சோதித்து அந்தப் பழக்கத்துக்கே அடிமையானார். அந்த நாட்களோடு ஒப்பிட்டால் லிக்னோகெய்ன் மிகவும் பாதுகாப்பான மருந்து. அளவுக்குள் இருக்கும்வரை.

நரம்பு வலியை மூளைக்கு அனுப்புவது மின்துடிப்பாக. அந்தத் துடிப்பு ஓட, நரம்பின் மேலுறையில் உள்ள நுண்ணிய வாயில்கள் வழியே சோடியம் உள்ளே பாய வேண்டும். லிக்னோகெய்ன் அந்த வாயிலை உள்பக்கமிருந்து அடைத்துவிடுகிறது. துடிப்பு நிற்கிறது, "உதடு மதமதன்னு இருக்கு டாக்டர், வீங்கின மாதிரி இருக்கு" என்கிறார் நோயாளி. ஆனால் இதே வாயில்கள் மூளையிலும் இதயத்திலும் உண்டு. ஈறில் போட்ட மருந்து அங்கேயே தங்குவதில்லை. மெல்ல ரத்தத்தில் கலக்கிறது, கல்லீரல் அதைச் சிதைக்கிறது. சிதைக்கும் வேகத்தை மிஞ்சி ரத்தத்தில் சேர்ந்தால் முதலில் உதட்டைச் சுற்றிச் சுருசுருவென்று இருக்கும், வாயில் உலோகச் சுவை தட்டும், காதில் ரீங்காரம் கேட்கும், நாக்கு குழறும். அதையும் தாண்டினால் வலிப்பு. அதற்கும் மேலே போனால் மூச்சு நிற்கும், இதயம் தடுமாறும்.

அட்ரினலின் கலக்காத லிக்னோகெய்னுக்குப் பாடநூல்கள் சொல்லும் வரம்பு, கிலோவுக்கு 4.4 மில்லிகிராம், மொத்தம் 300க்கு மேல் போகக் கூடாது. அட்ரினலின் கலந்தால் ரத்தத்தில் சேர்வது மெதுவாகும் என்பதால் பெரியவர்களுக்குக் கிலோவுக்கு 7, மொத்தம் 500 வரை அனுமதிக்கிறார்கள். குழந்தைகளுக்கு அட்ரினலின் கலந்திருந்தாலும் 4.4ஐத் தாண்டுவதில்லை என்பது நான் வைத்திருக்கும் கட்டுப்பாடு. நாம் பயன்படுத்தும் 2 சதவீதக் கரைசலில் ஒரு மில்லியில் 20 மில்லிகிராம் இருக்கிறது.

அறுபது கிலோ பெரியவருக்கு ஒரு பல் எடுக்க 2 மில்லி போட்டால் 40 மில்லிகிராம். வரம்பு எங்கோ இருக்கிறது, கவலைப்பட ஒன்றுமில்லை. இந்தக் கட்டுரையைப் படித்துவிட்டு யாரும் ஊசிக்குப் பயந்து பல்லோடு வலியையும் வைத்துக்கொண்டு உட்கார வேண்டாம். என் கவலை வேறு இடத்தில். பன்னிரண்டு கிலோ எடையுள்ள ஒரு குழந்தையை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் வரம்பு சுமார் 53 மில்லிகிராம், அதாவது இரண்டரை மில்லியைக் கொஞ்சம் தாண்டிய அளவு. இரண்டு மில்லி சிரிஞ்சை ஒருமுறை நிரப்பினால் 40. வலதுபக்கம் ஒன்று, இடதுபக்கம் ஒன்று என்று பால் பல் சொத்தைகளை ஒரே நாளில் முடித்துவிட நினைத்து இன்னொரு முறை நிரப்பினால் 80. வரம்பின் ஒன்றரை மடங்கு. கை எதுவும் தவறாகச் செய்யவில்லை. ஊசி சரியான இடத்தில்தான் போயிருக்கிறது. கணக்கு மட்டும்தான் இல்லை. ஊசி வலிக்காமல் இருக்க முதலில் ஈறில் அடிக்கும் ஸ்பிரேயும் இந்தக் கணக்கில் சேரும். 10 சதவீத ஸ்பிரேயை ஒருமுறை அழுத்தினால் 10 மில்லிகிராம் வெளிவருகிறது.

ஒரே நாளில் முடித்துக்கொள்ளத் தோன்றுவதை நான் குறை சொல்லவில்லை. துறையூர் தாண்டிக் கொல்லிமலை அடிவாரத்திலிருந்து குழந்தையைத் தூக்கிக்கொண்டு வருகிற அம்மாவுக்கு இன்னொரு நாள் என்பது இன்னொரு நாள் கூலி. அதனால்தான் கணக்கு இன்னும் அவசியம். எத்தனை பல் இன்று, எத்தனை பல் அடுத்த முறை என்று தீர்மானிக்க வேண்டியது எடையை வைத்து.

அளவு மிஞ்சுவதற்கு நம் பக்கத்தில் இன்னொரு காரணமும் இருக்கிறது. இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். மேல் பல்லைப் பிடுங்கினால் கண் பார்வை போய்விடும் என்ற பயம் எங்கள் பக்கத்தில் இன்னும் சாகவில்லை. பல்லுக்குப் போகும் நரம்பு வேறு, பார்வை நரம்பு வேறு, இரண்டுக்கும் தொடர்பில்லை. ஆனாலும் பயம் ஆளைத் தள்ளிப்போட வைக்கிறது. கிராம்பை வைத்து அடக்குகிறார்கள். கிராம்பு எண்ணெயில் உள்ள யூஜினால் உண்மையிலேயே நரம்பை மரக்கவைக்கும் பொருள்தான் என்பதால் இரண்டு நாள் தாங்கும். புகையிலையை அடக்குகிறவர்களும் உண்டு. கடைசியில் கன்னம் வீங்கி, சீழ் கோத்து, ராத்திரி முழுக்கத் தூங்காமல் வருகிறார்கள். அந்த நேரத்தில் ஊசி சரியாக வேலை செய்வதில்லை.

காரணம் அமிலம். லிக்னோகெய்ன் இரண்டு வடிவங்களில் இருக்கிறது. மின்னேற்றம் இல்லாத வடிவம்தான் நரம்பின் உறையைத் துளைத்து உள்ளே போகும். போன பிறகு மின்னேற்றம் பெற்று வாயிலை அடைக்கும். ஆரோக்கியமான ஈறில் மருந்தின் கால் பங்கு உள்ளே போகும் வடிவில் இருக்கும். சீழ் கோத்த இடத்தில் அமிலத்தன்மை கூடிவிடுவதால் அது வெறும் சில சதவீதமாகச் சுருங்கிவிடுகிறது. மீதி மருந்தெல்லாம் வாசலிலேயே நிற்கிறது. போதாததற்கு, வீங்கிய பல்லின் நரம்பு ஏற்கெனவே வெறிபிடித்தாற்போல் துடித்துக்கொண்டிருக்கிறது. "மருந்து டூப்ளிகேட்டா டாக்டர், மரக்கவே இல்லியே" என்கிறார் நோயாளி. இன்னொரு ஊசி. "இன்னும் வலிக்குது." இன்னொன்று. வலியைப் போக்காத அந்த மருந்து ரத்தத்தில் சேராமல் விடுவதில்லை. மரக்கவில்லை என்பதற்காக உடம்பு அதைக் கணக்கிலிருந்து கழித்துக்கொள்ளாது.

செய்ய வேண்டியது, சீழிலிருந்து தள்ளி நரம்பு தாடைக்குள் நுழையும் இடத்திலேயே மருந்தைப் போடுவது. அல்லது முதலில் சீழை வடியவிட்டு, தேவையானால் மாத்திரை கொடுத்து, வீக்கம் வடிந்த பிறகு பல்லைத் தொடுவது. இரண்டுக்கும் நோயாளியின் பொறுமை வேண்டும். "இன்னிக்கே புடுங்கிடுங்க" என்று நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு நகராதவரிடம் இதைச் சொல்லிப் புரியவைக்கக் கால் மணி நேரம் ஆகும். அந்தக் கால் மணி நேரத்தை நான் தருகிறேன். தராத இடத்தில் மூன்றாவது, நான்காவது ஊசி போகிறது.

இப்போது குப்பிக்கு வருகிறேன். பல மருத்துவமனைகளில் இந்த மருந்து 30 மில்லி குப்பியில் இருக்கிறது. அதிலிருந்து சிரிஞ்சில் உறிஞ்சி, ஒருவருக்குப் போட்டு, அடுத்தவருக்குப் புது சிரிஞ்சில் உறிஞ்சுவார்கள். ஒரு முழுக் குப்பியில் 600 மில்லிகிராம் லிக்னோகெய்ன் இருக்கிறது. பெரியவர் ஒருவரின் உச்ச வரம்பைவிட அதிகம். குப்பியில் எவ்வளவு குறைந்தது, அதில் எவ்வளவு இந்தக் குழந்தைக்குப் போனது என்று யாரும் பார்ப்பதில்லை. இதற்கு மாற்று ஒன்று ஏற்கெனவே இருக்கிறது: 1.8 மில்லி கொண்ட கண்ணாடி கார்ட்ரிட்ஜ். ஒருவருக்கு எடுத்தது அவருக்கு மட்டும், போட்டதும் குப்பைக்கு. ஒன்றில் 36 மில்லிகிராம். தட்டில் கிடக்கும் காலி கார்ட்ரிட்ஜை எண்ணினாலே போட்ட அளவு தெரிந்துவிடும். பன்னிரண்டு கிலோ குழந்தைக்கு ஒன்றரையை எட்டும் முன்பே நிறுத்த வேண்டும் என்பதை உதவியாளரும் நினைவில் வைத்துக்கொள்ள முடியும். உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் பல் மருத்துவத்துக்கென்று குறிப்பிடப்பட்டிருப்பது இந்தக் கார்ட்ரிட்ஜ்தான்: 2 சதவீத லிக்னோகெய்ன், 80,000க்கு 1 அட்ரினலின்.

பலருக்கும் பொதுவாகத் திறந்துவைக்கும் பாட்டில் எவ்வளவு ஆபத்து என்பதை வாணியம்பாடி காட்டிவிட்டது. 2023இல் அங்கே ஒரு பல் கிளினிக்குக்குப் போய்வந்தவர்களில் எட்டுப் பேர் மூளையைத் தாக்கும் மெலியாய்டோசிஸ் தொற்றில் இறந்தார்கள். வேலூர் சி.எம்.சி. மருத்துவர்களும் சுகாதாரத் துறையும் தேடிப்போய்க் கண்டது, காயத்தைக் கழுவும் சலைன் பாட்டிலை. சரியாகக் கிருமிநீக்கம் செய்யாத பல் கருவியால் அதைத் திறந்து, தளர்வாக மூடிவைத்து, மறுபடியும் பயன்படுத்தியிருந்தார்கள். அது மரத்துப்போகிற மருந்துக் குப்பி இல்லை. ஆனால் ஒரே பாட்டிலைப் பலருக்குப் பயன்படுத்தும் பழக்கத்தை இனியும் செலவுக் கணக்கு சொல்லி நியாயப்படுத்த நமக்கு வாயில்லை.

கார்ட்ரிட்ஜ் விலை கூடுதல். அதற்கென்று தனி உலோக சிரிஞ்சும் வேண்டும். நூறு, இருநூறு ரூபாய்க்குப் பல் எடுக்கும் கிராமத்து மருத்துவருக்கு இது சுமைதான், எனக்கும் சுமைதான். ஆனால் அரசு மருத்துவமனைகளுக்கு மருந்து வாங்கும் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் மொத்தமாகக் கொள்முதல் செய்து எத்தனையோ மருந்துகளின் விலையை இறக்கிக் காட்டிய நிறுவனம். பல் பிரிவுகளுக்குக் கார்ட்ரிட்ஜ்தான் என்று அது தீர்மானித்தால் விலை எங்களுக்கும் இறங்கும்.

அட்ரினலினைப் பற்றியும் சொல்ல வேண்டும். மருந்து சீக்கிரம் ரத்தத்தில் கலந்துவிடாமல் இருக்கவும், ரத்தக் கசிவு குறையவும் அதைக் கலக்கிறார்கள். இதய நோய் உள்ளவருக்கு ஒரு வேளையில் 40 மைக்ரோகிராமைத் தாண்டக் கூடாது என்பது வழக்கமான வரம்பு. 80,000க்கு 1 அட்ரினலின் கலந்த கரைசலில் அது மூன்று மில்லியைச் சற்றே தாண்டியதும் வந்துவிடும். கை நடுக்கத்துக்கோ ஒற்றைத் தலைவலிக்கோ புரோப்ரனலால் மாத்திரை சாப்பிடுபவர்கள் அதைச் சொல்லியே ஆக வேண்டும். அந்த மாத்திரையோடு அட்ரினலின் சேர்ந்தால் ரத்த அழுத்தம் திடீரென்று ஏறலாம். லிக்னோகெய்ன் உடம்பிலிருந்து வெளியேறுவதும் தாமதமாகும். "பிரஷர் மாத்திரைதான், பேர் தெரியாது" என்றால் அட்டையைக் கொண்டுவாருங்கள்.

"எனக்கு இந்த ஊசி அலர்ஜி, ஒருதடவ மயக்கம் போட்டுட்டேன்" என்று சொல்பவர்கள் நிறைய. லிக்னோகெய்னுக்கு உண்மையான ஒவ்வாமை மிக அரிது. ஏகாதசி விரதத்தோடு பட்டினியாக வந்து, பயத்தில் ரத்த அழுத்தம் இறங்கி மயங்கியிருப்பார்கள். அல்லது அட்ரினலின் நெஞ்சைப் படபடக்க வைத்திருக்கும். சில சமயம் பல தடவை பயன்படுத்தும் குப்பிகளில் சேர்க்கப்படும் மெத்தில்பாரபென் என்ற பாதுகாப்புப் பொருள் காரணமாக இருக்கலாம். எது என்று கண்டுபிடிக்க, அன்று என்ன மருந்து, எவ்வளவு போட்டார்கள் என்று தெரிய வேண்டும். அவர்கள் கையில் இருக்கும் பழைய சீட்டில் "ஊசி போடப்பட்டது" என்று மட்டும் இருக்கும்.

குழந்தைகளுக்குத் தூக்க மருந்து கொடுத்துப் பல் எடுப்பது இப்போது திருச்சியில் பெற்றோரே கேட்கும் விஷயமாகிவிட்டது. அழுகிற பிள்ளையைக் கையைக் காலைப் பிடித்து அமுக்குவதைவிட அது நல்லது. நானும் அந்தப் பக்கம்தான். வலியோடு அமுக்கப்பட்ட குழந்தை வளர்ந்த பிறகும் பல் மருத்துவரிடம் வராது. ஆனால் தூக்க மருந்தும் மரத்துப்போகிற ஊசியும் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத இரண்டு மருந்துகள் அல்ல. மிடாசோலம், டிரைக்ளோஃபாஸ் போன்றவை மூச்சை மந்தமாக்கலாம். மூச்சு மந்தமானால் ரத்தத்தில் கரியமில வாயு ஏறும். அது ஏறினால் லிக்னோகெய்ன் குறைந்த அளவிலேயே வலிப்பை உண்டாக்கும். உதடு சுருசுருக்கிறது, காது இரைகிறது என்று முன்னெச்சரிக்கை சொல்ல வேண்டிய குழந்தையோ தூங்கிக்கொண்டிருக்கிறது. 1983இலேயே குட்சன், மூர் என்ற இருவர் அமெரிக்கப் பல் மருத்துவச் சங்க இதழில், பல் சிகிச்சையின்போது உயிருக்கு ஆபத்தான நிலைக்குப் போன குழந்தைகளின் விவரங்களைத் தொகுத்து, தூக்க மருந்தும் மரத்துப்போகிற ஊசியும் சேர்வதன் ஆபத்தைச் சுட்டிக்காட்டினார்கள்.

மிடாசோலத்தை முறிக்க ஃப்ளுமசெனில் என்ற மருந்து இருக்கிறது. டிரைக்ளோஃபாசுக்கு முறிவு மருந்து இல்லை. அதன் வேலை பல மணி நேரம் நீடிக்கும், வீட்டுக்குப் போகும் வழியில் மடியில் தலை தொங்கித் தூங்கும்போதும் மூச்சுப் பாதை அடைபடலாம். வீட்டிலேயே "தூங்கட்டும்னு" பெனர்கன் சிரப் கொடுத்துக் கூட்டிவருகிறவர்களைப் பார்க்கிறேன். இரண்டு வயதுக்குக் கீழ் அதைக் கொடுக்கவே கூடாது என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை எச்சரித்து இருபது ஆண்டுகள் ஆகின்றன. கொடுத்திருந்தால் தயவுசெய்து மறைக்காமல் சொல்லுங்கள், திட்ட மாட்டோம். குழந்தையை அமைதிப்படுத்தும் மருந்துகளில் மிகப் பாதுகாப்பானது பிராணவாயுவோடு கலந்து முகர வைக்கும் நைட்ரஸ் ஆக்சைடு. ஊசியில்லை, சில நிமிடங்களில் வேலை செய்து சில நிமிடங்களில் இறங்கிவிடும். அந்தக் கருவியின் விலைதான் அதைத் திருவெள்ளறை வரை வரவிடாமல் வைத்திருக்கிறது.

மூச்சைப் பார்த்துக்கொண்டே இருக்க ஓர் ஆள் வேண்டும் என்பது நம் நாட்டிலும் பழைய பாடம். குளோரோஃபார்ம் மரணங்களை ஆராய 1889இல் நிஜாம் செலவில் ஹைதராபாத்தில் கமிஷன் கூடியது. அதை முன்நின்று நடத்திய மருத்துவர் எட்வர்ட் லாரி அடித்துச் சொன்னது, நாடியை விட மூச்சைக் கவனியுங்கள் என்பது. இதயத்துக்கு நேரடி ஆபத்தில்லை என்று லாரி சொன்னது பின்னால் தவறு என்று ஆனது. மூச்சைப் பற்றிச் சொன்னது இன்றும் நிற்கிறது. 2015இல் கலிஃபோர்னியாவில் ஆறு வயதுச் சிறுவன் பல் அறுவை நாற்காலியில் மயக்கத்தில் மூச்சு நின்று இறந்தான்; மயக்கம் கொடுத்தவரும் அறுவை செய்தவரும் ஒரே மருத்துவர். அடுத்த ஆண்டே அங்கே இதற்காகச் சட்டம் வந்தது. ஆழ்ந்த மயக்கத்தில் குழந்தைக்குப் பல் சிகிச்சை செய்யும்போது, பல்லைப் பார்ப்பவரைத் தவிரக் குழந்தையை மட்டும் கவனிக்கப் பயிற்சி பெற்ற இன்னொருவர் இருக்க வேண்டும் என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவ அமைப்பும் குழந்தைப் பல் மருத்துவ அமைப்பும் 2019இல் விதியை இறுக்கின.

மூச்சு நின்றால் மூளைக்கு நான்கைந்து நிமிடம்தான். எங்கள் ஊரிலிருந்து திருச்சி அரசு மருத்துவமனைக்கு இருபது கிலோமீட்டர் அளவு தூரம். 108 எவ்வளவு வேகமாக வந்தாலும் அந்த நான்கைந்து நிமிடத்துக்குள் அங்கே கொண்டுபோய்ச் சேர்க்க முடியாது. அதனால் என் கிளினிக்கில் குழந்தைக்குத் தூக்க மருந்து கொடுப்பதில்லை. பேச்சில் வசப்படாத குழந்தையை மயக்க மருந்து நிபுணர் உடன் இருக்கும் மருத்துவமனைக்கு அனுப்புகிறேன். சில பெற்றோருக்குக் கோபம் வருகிறது. வரட்டும்.

தனியார் மருத்துவமனைகளை ஒழுங்குபடுத்த நம்மிடம் 1997ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. அதன் கீழ் பல் கிளினிக்குகளைப் பரிசோதிக்க வருபவர்கள் எடைக்கருவி எங்கே, ஆக்சிஜன் எங்கே, நாடியையும் ஆக்சிஜன் அளவையும் காட்டும் விரல் கருவி எங்கே என்று கேட்கட்டும். குழந்தைக்குத் தூக்க மருந்து கொடுக்கும் இடமென்றால் மூச்சைக் கவனிக்கும் இரண்டாவது ஆள் யார், அவருக்கு என்ன பயிற்சி என்று கேட்கட்டும். பல் மருத்துவக் கவுன்சில் இதற்கு ஒரு சுற்றறிக்கை அனுப்பினால் போதும். பெற்றோர் கேட்க வேண்டியதும் இதேதான்: என் பிள்ளைக்கு எத்தனை மில்லிகிராம் வரை போடலாம், எவ்வளவு போடப் போகிறீர்கள்? அங்கன்வாடியில் குழந்தையின் எடையைப் பதிந்துவைக்கிறார்கள். அந்த எண்ணைக் கேட்டு எழுதிக்கொண்டு வாருங்கள். எடைக்கருவி இல்லாத இடத்திலும் அது உதவும்.

கேஸ் ஷீட்டில் பெயர், வயது, ஊர் என்று இருக்கும் வரிசையில் எடைக்கு ஒரு கட்டம், உச்ச அளவுக்கு ஒரு கட்டம், போட்ட அளவுக்கு ஒரு கட்டம். அரசு மருத்துவமனைகளின் பல் பிரிவுகளுக்கு அடுத்த முறை அச்சடிக்கும்போதே இந்த மூன்றையும் சேர்க்கலாம். நான் என் கிளினிக்கில் அச்சடித்துவைத்திருக்கும் தாளை யார் கேட்டாலும் தருகிறேன்.